மின்சாரம் போனால் கதவு என்ன செய்யும்?

மாணவர்களே, இன்று இரவு உறங்கப் போகும் முன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் கட்டிலிலிருந்து வீட்டுக்கு வெளியே சாலைக்குப் போக எத்தனை பூட்டுகளைத் திறக்க வேண்டும்? தாமான் வீடு என்றால் பெரும்பாலும் மூன்று. மரக்கதவு ஒன்று, அதை ஒட்டி இரும்புக் கிரில் ஒன்று, அப்புறம் வாசல் கேட். சில வீடுகளில் கிரிலுக்குத் தொங்கு பூட்டு வேறு போட்டிருப்பார்கள். அடுக்குமாடியில் குடியிருந்தால் கேட் இருக்காது. அதற்குப் பதிலாக, மின்தூக்கிக்குப் பக்கத்தில் அட்டையைக் காட்டினால் திறக்கும் கண்ணாடிக் கதவு இருக்கும்.

இந்தப் பூட்டுகளை வாங்கும்போது நம் பெற்றோர் கடைக்காரரிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். வெளியே இருப்பவன் உள்ளே வர முடியுமா? உள்ளே இருப்பவர் எத்தனை விநாடியில் வெளியே போக முடியும் என்ற கேள்வியை அநேகமாக யாரும் கேட்பதில்லை. திருடனுக்குக் கதவு திறக்கவே கூடாது. தீப்பிடித்தால் அதே கதவு உடனே திறக்க வேண்டும். ஒரே இரும்புத் துண்டு இந்த இரண்டையும் செய்வது எப்படி? பாதுகாப்புத் துறைப் பொறியாளர்கள் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் அறிவியல் வகுப்பில் படிக்கும் மின்காந்தமும் தொடர் மின்சுற்றும் இதில் பெரும் பங்கு வகிக்கின்றன.

முதலில், கதவு திறக்காததால் நடந்த இரண்டு துயரங்களைச் சொல்லிவிடுகிறேன். 1883 ஜூன் 16ஆம் நாள் இங்கிலாந்தின் சண்டர்லந்து நகரில், விக்டோரியா மண்டபத்தில் சிறுவர்களுக்கான ஒரு நிகழ்ச்சி. முடிவில் மேடையிலிருந்து பரிசுப் பொருள்கள் கொடுக்கத் தொடங்கியதும், மாடியில் இருந்த பிள்ளைகள் தங்களுக்குக் கிடைக்காமல் போய்விடுமோ என்று படிக்கட்டில் ஓடி இறங்கினார்கள். கீழே இருந்த கதவு அவர்கள் பக்கமாகத் திறக்கும் கதவு. ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் நுழையும் அளவு இடைவெளி விட்டு அதைத் தாழிட்டிருந்தார்கள். முன்னால் இருந்தவர்களால் திறக்க முடியவில்லை. பின்னால் இருந்தவர்களுக்கு அது தெரியவில்லை. தீயும் இல்லை, புகையும் இல்லை. நெரிசலில் மட்டும் 183 பிள்ளைகள் இறந்தார்கள்.

இரண்டாவது, 1911 மார்ச் 25ஆம் நாள் நியூயார்க்கில் நடந்தது. டிரையாங்கிள் என்ற சட்டை தைக்கும் தொழிற்சாலையில் தீப்பிடித்து 146 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் இளம்பெண்கள். ஒன்பதாம் மாடியில் இருந்த இரண்டு படிக்கட்டுக் கதவுகளில் ஒன்று பூட்டியிருந்தது. வேலை முடிந்து போகும் தொழிலாளர்கள் எல்லாரும் ஒரே வழியாகப் போனால் பைகளைச் சோதிக்கலாம், துணி திருட்டுப் போகாது என்பது முதலாளிகளின் எண்ணம். துணியைக் காத்த பூட்டு ஆட்களை அடைத்துவிட்டது.

சண்டர்லந்து துயரத்துக்குப் பிறகு ராபர்ட் அலெக்சாண்டர் பிரிக்ஸ் என்பவர் ஒரு கருவியை உருவாக்கி 1892இல் காப்புரிமை பெற்றார். கதவின் உள்பக்கத்தில் இடுப்பு உயரத்தில் குறுக்காக ஒரு சட்டம். அதைத் தள்ளினால் தாழ் விலகும், கதவு வெளிப்பக்கமாகத் திறக்கும். கூட்டம் நெருக்கும்போது எந்த விசை ஆளைக் கொல்கிறதோ அதே விசை கதவைத் திறந்துவிடும். கையால் திருக வேண்டியதில்லை, சாவி தேட வேண்டியதில்லை, யாரும் யோசிக்க வேண்டியதுகூட இல்லை. வெளிப்பக்கத்திலிருந்து பார்த்தால் கைப்பிடியே இல்லாத வெறும் கதவு. திரையரங்கிலும் பேரங்காடியிலும் ‘கெலுவார்’ என்ற பச்சை விளக்குக்குக் கீழே இன்றும் அந்தச் சட்டத்தைப் பார்க்கிறோம். எனக்குத் தெரிந்த கண்டுபிடிப்புகளில் மிக எளிமையான, மிகக் கருணையான கண்டுபிடிப்பு இது.

நம் நாட்டுச் சட்டத்திலும் இந்தச் சிந்தனை இருக்கிறது. 1984ஆம் ஆண்டின் ஒரே சீரான கட்டட துணைச் சட்டங்களில் 173ஆவது விதி வெளியேறும் கதவுகளைப் பற்றியது. சாவியோ, தனிப்பட்ட அறிவோ, பெரிய முயற்சியோ தேவைப்படாமல் உள்ளிருந்து அவை திறக்க வேண்டும் என்கிறது அந்த விதி. கதவில் காந்தக் கருவி பொருத்தியிருந்தால், மின்சாரம் போனாலும் தீ எச்சரிக்கை மணி அடித்தாலும் அது கதவை விடுவிக்க வேண்டும் என்றும் சொல்கிறது.

இந்தக் காந்தப் பூட்டைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். டியூஷன் நிலையம், வங்கி அலுவலகம், கொண்டோ வாசல் ஆகிய இடங்களில் கதவின் மேல் விளிம்பில் நீளமான அலுமினியப் பெட்டி ஒன்று இருக்கும். அதற்குள் இருப்பது நீங்கள் ஆணியில் கம்பி சுற்றிச் செய்யும் அதே மின்காந்தம்தான். ஆணிக்குப் பதில் இரும்புத் தகடுகளை அடுக்கிச் செய்த உள்ளகம், அதைச் சுற்றிச் செப்புக் கம்பி. இது கதவுச் சட்டத்தில் அசையாமல் இருக்கும். கதவில் ஒரு கனமான இரும்புப் பட்டை. மின்னோட்டம் பாய்ந்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும்.

எவ்வளவு பலமாக ஒட்டும்? பரவலாக விற்கப்படும் ஒரு வகை, சுமார் 270 கிலோகிராம் எடையைத் தாங்கும். நியூட்டனில் சொன்னால் ஏறக்குறைய 2,700. உங்கள் வகுப்பு நண்பர்கள் ஐந்து பேர் அந்தப் பட்டையில் தொங்கினாலும் விடாது. இதற்கு எவ்வளவு மின்சாரம் வேண்டும் தெரியுமா? 12 வோல்ட்டில் சுமார் அரை ஆம்பியர். திறன் என்பது மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கினால் வருவது. 12ஐ 0.5ஆல் பெருக்குங்கள், 6 வாட். ஒரு சிறிய எல்இடி விளக்கு எரியும் அளவுதான். காந்தம் எதையும் நகர்த்தவில்லை, பிடித்துக்கொண்டு மட்டும் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு குறைந்த திறனே போதும்.

இதன் பலவீனமும் சுவையானது. காந்தப் புலம் பாதியானால் பிடிக்கும் விசை பாதியாகாது, கால்பங்காகிவிடும். விசை, புலத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால் உள்ளகத்துக்கும் பட்டைக்கும் நடுவில் மெல்லிய இடைவெளி விழுந்தாலே பிடி வெகுவாகத் தளர்ந்துவிடும். பட்டையைக் கதவில் இறுக முடுக்காமல், ரப்பர் வளையம் வைத்துச் சற்று ஆடும்படி பொருத்துவது இதற்காகத்தான். கதவு கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் பட்டை தானே திரும்பிச் சமமாகப் படியும். ‘ஆடுகிறதே’ என்று நினைத்து யாராவது அதை நன்றாக முடுக்கிவிட்டால் பூட்டு பலமிழந்து போகும்!

இனி மின்சாரம் போகட்டும். உள்ளகம் எஃகால் ஆனது என்றால் காந்தத்தன்மை அதில் தங்கிவிடும். ஆகவே, மின்னோட்டம் நின்றதும் காந்தத்தன்மையை இழந்துவிடும் மென்மையான இரும்பைப் பயன்படுத்துகிறார்கள். ஒட்டிக்கொண்டிருக்கும் மிச்சசொச்சக் காந்தத்தையும் வெல்ல, பட்டையைத் தள்ளிவிடும் சின்ன ஸ்பிரிங் முளையைச் சில பூட்டுகளில் வைத்திருப்பார்கள். ஆக, மின்சாரம் இல்லாத காந்தப் பூட்டு என்பது திறந்த பூட்டு. பழுதானால் திறந்துகொள்ளும் வகை என்று இதைச் சொல்லலாம்.

பாடம் நடத்தும்போது ஒரு நான்காம் படிவ மாணவி கேட்டார், “அப்படியென்றால் திருடன் மின்சாரத்தை நிறுத்திவிட்டு உள்ளே போகலாமே, டீச்சர்?” நல்ல கேள்வி. இதைத் தடுக்கத்தான் பூட்டுக்குப் பின்னால் ஒரு மின்கலத்தை வைக்கிறார்கள். கட்டடத்தில் மின்சாரம் நின்றாலும் மின்கலம் பூட்டைப் பிடித்துவைத்திருக்கும். ஆனால் இப்போது பழைய ஆபத்து திரும்பி வந்துவிட்டது. தீ விபத்தில் கட்டடத்தின் மின்சாரம் அறுந்தாலும், மின்கலம் தன் கடமையைத் தவறாமல் செய்து கதவை மூடியே வைத்திருக்குமே?

விடை தொடர் மின்சுற்றில் இருக்கிறது. மின்கலத்திலிருந்து பூட்டுக்குப் போகும் கம்பியில் இரண்டு ஆளிகளைத் தொடராக இணைக்கிறார்கள். ஒன்று தீ எச்சரிக்கைக் கருவியுடன் சேர்ந்தது. மற்றொன்று கதவுக்குப் பக்கத்தில் சுவரில் இருக்கும் பச்சைப் பெட்டி. சிவப்புப் பெட்டியை அழுத்தினால் மணி அடிக்கும். பச்சைப் பெட்டியை அழுத்தினால் அந்தக் கதவு திறக்கும். தொடர் சுற்றில் எந்த ஓர் ஆளி விலகினாலும் மின்னோட்டம் நின்றுவிடும் என்று படித்திருக்கிறீர்கள். மின்கலத்தில் எவ்வளவு மின்சாரம் மீதியிருந்தாலும் பூட்டு விட்டுவிடும். முக்கியமான விஷயம், இந்த ஆளிகள் கணினியிடம் அனுமதி கேட்கக் கூடாது. அட்டையைப் படிக்கும் கணினி செயலிழந்திருக்கலாம், இணையம் அறுந்திருக்கலாம். பச்சைப் பெட்டி கம்பியையே துண்டிக்க வேண்டும்.

வேறொரு வகைப் பூட்டும் உண்டு. மின்சாரம் போனால் வெளிப்பக்கம் பூட்டியே இருக்கும், ஆனால் உள்பக்கக் கைப்பிடியைத் திருகினால் எப்போதும் திறக்கும். கைப்பிடிக்கும் தாழுக்கும் இடையே வெறும் இயந்திர இணைப்புதான், மின்சாரத்துக்கு அங்கே வேலையே இல்லை. மருந்துக் கிடங்கு, பணம் வைக்கும் அறை போன்ற இடங்களுக்கு இது ஏற்றது. என்னைக் கேட்டால், இரண்டு கேள்விகளுக்கும் ஒருசேர நல்ல விடை சொல்வது இந்த வகைதான்.

இப்போது வீடுகளுக்கும் விரல்ரேகைப் பூட்டு, முகத்தை அடையாளம் காணும் பூட்டு, கைப்பேசியால் திறக்கும் பூட்டு எல்லாம் வந்துவிட்டன. விளம்பரங்கள் எத்தனை விரல்ரேகைகளைப் பதியலாம், எத்தனை விநாடியில் முகம் தெரியும் என்றுதான் பேசுகின்றன. நீங்கள் வேறு மூன்றைக் கேளுங்கள். மின்கலம் தீர்ந்துவிட்டால் உள்ளேயிருந்து கையால் திருகித் திறக்க முடியுமா? வெளியே மாட்டிக்கொண்டால் என்ன வழி? (பல பூட்டுகளின் அடிப்பகுதியில் இரண்டு உலோகப் புள்ளிகள் இருக்கும். 9 வோல்ட் மின்கலத்தை அதில் வைத்துப் பிடித்தால் பூட்டு விழித்துக்கொள்ளும்.) வீட்டில் இருக்கும் தாத்தா பாட்டியும் சின்னத் தம்பியும் இருட்டில் அதைத் திறப்பார்களா? உள்ளேயிருந்து வெளியே போகவும் விரலையோ எண்ணையோ கேட்கும் பூட்டு எவ்வளவு நவீனமாக இருந்தாலும் அது 1911ஆம் ஆண்டின் கதவுதான்.

ஆனால் நம் வீடுகளில் இதைவிடப் பெரிய ஆபத்து மின்சாரமே இல்லாத பூட்டுதான். 2017 செப்டம்பர் 14ஆம் நாள் விடியற்காலை கோலாலம்பூர் டத்தோ கிராமட்டில் ஒரு சமயப் பள்ளியின் தங்கும் அறையில் தீப்பிடித்தது. 21 மாணவர்களும் இரண்டு ஆசிரியர்களும் இறந்தார்கள். உங்கள் வயதுப் பிள்ளைகளும் உங்களைவிடச் சிறியவர்களும். தீ இருந்த பக்கம்தான் கதவு. சன்னல்களில் இரும்புக் கம்பிகள்.

அதே கம்பிகள்தான் உங்கள் வீட்டுச் சன்னலிலும் இருக்கின்றன. அவற்றைக் கழற்றிப் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. திருட்டுப் பயம் உண்மையான பயம். ஆனால் தீயின் வேதியியலையும் தெரிந்துகொள்ளுங்கள். மூடிய அறையில் பொருள்கள் போதிய ஆக்சிஜன் இல்லாமல் எரியும்போது கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. இது இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் பலமாக ஒட்டிக்கொள்ளும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. முதலில் பாதிக்கப்படுவது மூளை. தலை சுற்றும், சிந்தனை குழம்பும். பகலில் சாவிக்கொத்தில் பத்துச் சாவிகளுக்கு நடுவே சரியானதைத் தேட உங்களுக்கு எத்தனை விநாடி ஆகிறது? புகையில், இருட்டில், பயத்தில், குழம்பிய மூளையோடு அதைச் செய்ய வேண்டியிருந்தால்?

அதனால் தொங்கு பூட்டின் சாவி கொத்தில் இருக்கக் கூடாது. தனியாக, கிரிலுக்கு அருகிலேயே, ஆனால் வெளியிலிருந்து கைவிட்டு எடுக்க முடியாத தூரத்தில், எப்போதும் ஒரே ஆணியில் தொங்க வேண்டும். சின்னவர்களுக்கும் எட்டும் உயரத்தில் அந்த ஆணி இருக்கட்டும். படுக்கையறைகளில் குறைந்தது ஒரு சன்னலிலாவது உள்ளிருந்து திறக்கும் கிரில் போட முடியுமா என்று அப்பாவிடம் கேளுங்கள். கிரில் செய்பவர்களுக்கு இது புதிய வேலை இல்லை, கீல் வைத்த கதவு போலச் செய்து தருவார்கள். செலவு ஆகும்தான். வீட்டுக்கு வண்ணம் அடிக்கும் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கதவைத் திறக்க நேரம் வேண்டும். அந்த நேரத்தை வாங்கித் தருவது புகை எச்சரிக்கைக் கருவி. சிங்கப்பூரில் 2018 ஜூன் 1 முதல் புதிய குடியிருப்புகளில் இது கட்டாயம். இதன் ஒரு வகைக்குள் சிறிய விளக்கும் ஒளி உணரியும் ஒன்றையொன்று நேராகப் பார்க்காதபடி இருக்கும். புகைத் துகள்கள் நுழைந்தால் ஒளி சிதறி உணரியில் படும், உடனே அலறும். மூடுபனியில் காரின் விளக்கொளி பரவித் தெரியுமே, அதே டிண்டால் விளைவுதான். உறங்குபவரை மூக்கு எழுப்பாது, சத்தம்தான் எழுப்பும்.

இந்த வார இறுதியில் ஒரு சோதனை செய்யுங்கள். வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவிட்டு, இரவில் விளக்குகளை அணைத்துவிட்டு, கட்டிலிலிருந்து வாசலுக்கு வெளியே போக ஆகும் நேரத்தைக் கைப்பேசியில் அளந்துகொள்ளுங்கள். புகை மேலே தங்கும், ஆகவே குனிந்து அல்லது தவழ்ந்து போய்ப் பாருங்கள். வீட்டில் மிகச் சிறியவருக்கும் மிகப் பெரியவருக்கும் தனித்தனியாக அளவிடுங்கள். மூட்டு வலி உள்ளவர்களைத் தவழச் சொல்ல வேண்டாம், நடந்து வந்தால் போதும். எந்தப் பூட்டில் அதிக நேரம் போகிறது என்று குறித்து, அந்தச் சாவியின் இடத்தை மாற்றிவிட்டு மறுபடியும் அளவிடுங்கள். உண்மையிலேயே தீ என்றால் எதையும் எடுக்கத் திரும்பாமல் வெளியே வந்த பிறகு, மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995.