தடுப்பூசி வலியைக் குறைத்தல்

தடுப்பூசி போட்டால் குழந்தை அழத்தான் செய்யும் என்று பெரியவர்கள் விட்டுவிடுவதுண்டு. ஆனால் அந்த வலியில் கணிசமான பகுதியைத் தவிர்க்க முடியும். உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் இதற்கென்றே பரிந்துரைகளை வெளியிட்டது. கனடாவில் அன்னா டாடியோ தலைமையிலான குழு திரட்டிய சான்றுகள் அவற்றுக்கு உதவின. பெரும்பாலான வழிகளுக்குக் காசே தேவையில்லை.

கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கு இணையாக எதுவும் இல்லை. ஊசிக்குச் சற்று முன்பே பால் கொடுக்கத் தொடங்கி, போடும்போதும் தொடரலாம். பாலின் இனிப்பு, தாயின் உடற்சூடு, உறிஞ்சும் வேலை மூன்றும் சேர்ந்து வலியைத் தணிக்கின்றன. ஆறாவது வாரத்தில் சொட்டு மருந்துகளும் ஊசிகளும் ஒரே நாளில் வரும்; அப்போது ரோட்டா சொட்டு மருந்தை முதலில் கொடுப்பது நல்லது. ரோட்டா சொட்டு மருந்துகளில் பல இனிப்பானவை. ஊசிகளில் அதிகம் வலிப்பதைக் கடைசியில் போட வேண்டும். குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்து அழுத்திப் பிடித்தால் பயம்தான் கூடும். மடியில் நிமிர்த்தி அணைத்துக்கொள்வதே சரி.

குத்தியபின் சிரிஞ்சைப் பின்னிழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்ப்பது பழைய வழக்கம். தடுப்பூசி போடும் வெளித்தொடையிலும் மேற்கையிலும் பெரிய ரத்தக்குழாய்கள் இல்லை. எனவே அது தேவையற்றது; ஊசி உள்ளே நிற்கும் நேரத்தை நீட்டி வலியைக் கூட்டுகிறது. வலிக்காமலிருக்க முன்கூட்டியே பாராசிட்டமால் கொடுப்பதையும் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. மரத்துப்போகச் செய்யும் களிம்பு பலன் தரும். ஆனால் விலை உண்டு, சுமார் ஒரு மணி நேரம் முன்பே தடவவும் வேண்டும்.

சற்று வளர்ந்த குழந்தைகளிடம் பேச்சுக்குப் பெரும் பங்கு உண்டு. “வலிக்கவே வலிக்காது” என்று சொல்லிக் குத்தினால், அடுத்த முறை எந்தச் சொல்லையும் குழந்தை நம்பாது. “எறும்பு கடித்தாற்போல் சுருக்கென்று இருக்கும், உடனே முடிந்துவிடும்” என்று உண்மையைச் சொல்வதே மேல். கதை, பொம்மை, ஊதி விளையாடும் குமிழ் ஆகியவை கவனத்தைத் திருப்பும். இவற்றையெல்லாம் கெடுப்பது வீட்டு மிரட்டல்தான். “அடம்பிடித்தால் ஊசி போட்டுவிடுவார்கள்” என்று கேட்டே வளர்ந்த குழந்தைக்கு ஊசி தண்டனையாகத்தான் தெரியும். அந்த மிரட்டலை அடியோடு கைவிட வேண்டும்.

10, 16 வயதுகளில் ரண ஜன்னி, தொண்டை அடைப்பானுக்கு எதிரான ஊசி பள்ளிகளிலும் போடப்படுகிறது. வரிசையில் ஒருவர் மயங்கினால் பார்க்கும் மற்றவர்களும் மயங்குவதுண்டு. இது மருந்தின் கோளாறன்று. பதற்றத்தில் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் சட்டென்று இறங்குவதன் விளைவு. மறைவான இடத்தில், உட்காரவைத்துப் போட்டு, 15 நிமிடம் அங்கேயே இருக்கச் செய்தால் கீழே விழுந்து அடிபடுவதைத் தடுக்கலாம். ரத்தத்தையும் ஊசியையும் கண்டால் மயங்குவோருக்கு ஸ்வீடன் உளவியலாளர் லார்ஸ்-யோரான் ஓஸ்ட் 1980களில் ஒரு பயிற்சியை வகுத்தார்: கை, கால், வயிற்றுத் தசைகளைச் சில நொடிகள் இறுக்கித் தளர்த்துவது. அழுத்தம் இறங்காமல் அது காக்கிறது. முன்பு மயங்கியவர்கள் அதைச் செவிலியரிடம் முதலிலேயே சொல்லிவிட்டால், படுத்தபடியே ஊசி போட்டுக்கொள்ளலாம்.