கைக்கு வந்த பணம் ஓர் அமானிதம்

பூர்வீக மனையில் கிடைத்த பங்கு, ஓய்வு பெறும் நாளில் தரப்படும் பணிக்கொடை, அரபு நாட்டு வேலையை முடித்துத் திரும்புவோர் கொண்டு வரும் தொகை என ஏதோ ஒரு வழியில் சில இலட்சம் ரூபாய் வீட்டிற்குள் வரக்கூடும். அதன் பின்னாலேயே யோசனை சொல்வோரும் வந்துவிடுவார்கள். அவர்களுக்குச் செவி சாய்க்கும் முன், சென்னை மயிலாப்பூர் இருமுறை கண்ட அனுபவத்தைக் கேளுங்கள்.

1906 அக்டோபரில், சென்னையில் பெரும் பெயர் பெற்றிருந்த அர்பத்நாட் நிறுவனம் திடீரென நொடித்துப் போனது. வாழ்நாள் சேமிப்பை அதில் போட்டிருந்த பலர் நிர்க்கதியாயினர். அந்த அதிர்ச்சியிலிருந்து எழுந்த முயற்சியே 1907-இல் தொடங்கிய இந்தியன் வங்கி. அதற்காக முன்னின்று உழைத்தவர் மயிலாப்பூர் வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர்.

அடுத்த அனுபவம் அண்மையது. மயிலாப்பூர் இந்து பெர்மனன்ட் பண்டு 1872-இல் தொடங்கப்பட்ட நிதி நிறுவனம். வங்கியை விடக் கூடுதல் வட்டி கிடைக்கும் என்றும், பழைய நிறுவனம் என்றும் நம்பி, ஓய்வூதியர் பலர் அதில் பணம் போட்டனர். முதிர்வுத் தொகை திரும்பவில்லை என்ற புகார்களின் பேரில், 2024 ஆகஸ்டில் அதன் நிர்வாக இயக்குநரைப் பொருளாதாரக் குற்றப் பிரிவினர் கைது செய்தனர்.

'அது வட்டித் தொழில், நமக்கென்ன?' என்று ஒதுங்கிவிட முடியாது. பெங்களூரில் ஹலால் இலாபம் என்று சொல்லி முதலீடு திரட்டிய ஐ.எம்.ஏ. நிறுவனம் 2019-இல் சரிந்தபோது, ஏமாந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் நம் சமுதாயத்தினரே. நிறுவனத்தின் வயதோ, நடத்துபவரின் மார்க்கத் தோற்றமோ பணத்திற்குப் பிணையாகா.

முதலில் செய்ய வேண்டியவை

பணம் வாரிசுரிமையாக வந்ததாயின், சகோதரிகளின் பங்கைப் பிரித்துக் கொடுத்துவிட்டீர்களா? அவர்கள் வாய் திறந்து கேட்கவில்லை என்பதால் அது உங்களுடையது ஆகிவிடாது. அடுத்து, கடனை அடையுங்கள். நகையை மீட்டு, மாதந்தோறும் வட்டி கட்டும் துன்பத்திலிருந்து விடுபடுவதே பெரிய இலாபம். மீதமுள்ள சேமிப்பு நிஸாப் அளவை எட்டி ஓராண்டு நிறைவுற்றால், நாற்பதில் ஒரு பங்கு ஜகாத்தாகும். அதன் கணக்கை ஆலிம்களிடம் கேட்டறியுங்கள்.

எஞ்சியதை எங்கே வைப்பது?

மூன்று மாதம் எந்த முதலீட்டிலும் இறங்காதீர்கள். வட்டியைத் தவிர்ப்போர் வங்கி நடப்புக் கணக்கில் வைக்கலாம். வட்டி இல்லாத அந்தக் கணக்கிற்கும், ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 இலட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. 2020 முதல் நடைமுறையில் உள்ள இந்த உச்சவரம்பு வங்கிகளுக்கே உரியது. நிதி நிறுவனங்களில் போடும் பணத்திற்கு இக்காப்பீடு கிடையாது.

தங்கம் வாங்குவோர் ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். நகைக்குக் கொடுத்த செய்கூலியும் சேதாரமும் விற்கும்போது திரும்பி வாரா. சேமிப்பே நோக்கமாயின், ஹால்மார்க் முத்திரையுள்ள நாணயம் மேலானது.

கூட்டு வியாபாரத்திற்கு அழைப்பு வந்தால் மூன்றைக் கேளுங்கள். இலாபம் எந்தத் தொழிலிலிருந்து வருகிறது? நட்டம் வந்தால் யார் தாங்குவது? கணக்கை யார் தணிக்கை செய்கிறார்? நட்டமே வராது, மாதந்தோறும் இவ்வளவு நிச்சயம் என்பவர் வியாபாரம் பேசவில்லை. அப்படிப்பட்ட திட்டங்களில் பிந்தி வருபவரின் பணமே முந்தி வந்தவருக்கு இலாபமாகத் தரப்படுவதுண்டு. புதியவர் வரத்து நின்ற அன்று எல்லாம் நின்றுவிடும்.

உறவினர் கடன் கேட்டால், இயன்றதைக் கொடுங்கள். ஆனால் எழுதிக் கொள்ளுங்கள்; சாட்சிகளையும் வைத்துக் கொள்ளுங்கள். இது சந்தேகத்தின் அடையாளமன்று. அல்குர்ஆனின் அல்பகரா அத்தியாயம், 282-ஆம் வசனம் நமக்கு இட்ட கட்டளை அது.

முடிவெடுக்கும் முன் இல்லத்தரசியிடமும் வளர்ந்த பிள்ளைகளிடமும் கலந்து பேசுங்கள். பணம் எங்கே இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதி அவர்கள் அறிய வையுங்கள். நாளை நீங்கள் இல்லாவிட்டாலும், உங்கள் குடும்பம் எவர் வாசலிலும் நிற்காது, இன்ஷா அல்லாஹ்.