தரை துடைத்த தாயும் 99 ஆண்டு தண்டனையும்

செய்யாத கொலைக்கு 99 ஆண்டு ஜெயில்!

தண்டனை பெற்றவன் ஏழை வீட்டுப் பிள்ளை. அவனுடைய தாய், பெரிய கட்டிடங்களில் தரை துடைத்துப் பிழைப்பவள். அவளுக்குச் சட்டம் தெரியாது. பெரிய மனிதர் யாரையும் தெரியாது. "என் பிள்ளை கொலை செய்யவில்லை" என்பது ஒன்றுதான் அவளுக்குத் தெரியும்.

அவள் என்ன செய்தாள்?

இரவு இரவாக மண்டியிட்டுத் தரை துடைத்தாள். கூலியில் மிச்சம் பிடித்தாள். ஓர் ஆண்டு அல்ல, இரண்டு ஆண்டு அல்ல, பல ஆண்டுகள். பிறகு ஒரு பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தாள். உண்மையான கொலையாளிகளைக் காட்டிக் கொடுப்பவர்களுக்கு 5,000 டாலர் பரிசு என்று அறிவித்தாள்.

இது சினிமாக் கதை போலத் தோன்றும். ஆனால் இது அமெரிக்காவில், சிகாகோ நகரில் நடந்த சம்பவம். பின்னர்தான் சினிமா ஆயிற்று. படத்தின் பெயர் "கால் நார்த்சைடு 777". "நார்த்சைடு 777-க்கு டெலிபோன் செய்யுங்கள்" என்று பொருள். விளம்பரத்தில் அந்தத் தாய் கொடுக்கும் டெலிபோன் எண்தான் அது.

1948-ல் வெளிவந்த படம். நிரபராதி தண்டனை அடையும் கதைகள் எத்தனையோ வந்துவிட்டன. ஆனாலும் இந்தப் படத்தைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். ஏன்? இதில் உள்ள நிறை என்ன? குறை என்ன? பார்ப்போம்.

நடந்தது என்ன?

1932-ம் ஆண்டு டிசம்பர் 9-ந் தேதி. அப்போது அமெரிக்காவில் மதுவிலக்கு அமலில் இருந்தது. ஆனால் சிகாகோவில் திருட்டு மது தாராளமாக ஓடியது. வெளியே மளிகைக் கடை, உள்ளே மதுக்கடை என்று பல கடைகள் நடந்தன. அப்படி ஒரு கடையில் லண்டி என்ற போலீஸ்காரர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

ஜோசப் மாஜெக், தியோடர் மார்சின்கீவிச் என்ற இரண்டு இளைஞர்கள் கைதானார்கள். இருவரும் போலந்து நாட்டிலிருந்து வந்து குடியேறிய மக்களின் வழிவந்தவர்கள். 1933-ல் இருவருக்கும் தலைக்கு 99 ஆண்டு தண்டனை கிடைத்தது.

எதை வைத்துத் தண்டித்தார்கள்? கடைக்காரி சொன்ன அடையாளத்தை வைத்துத்தான். "இவர்கள்தான் சுட்டார்கள்" என்று கோர்ட்டில் அவள் கை காட்டினாள். அது போதும் என்று ஆகிவிட்டது.

ஆண்டுகள் உருண்டன. 1944 அக்டோபரில் "சிகாகோ டைம்ஸ்" பத்திரிகையில், மாஜெக்கின் தாய் கொடுத்த சிறு விளம்பரம் வெளிவந்தது. பத்திரிகைக்காரர்கள் அதைக் கண்டு வியந்தார்கள். மக்குவயர், மக்பால் என்ற இரண்டு நிருபர்கள் விஷயத்தைத் துருவ ஆரம்பித்தார்கள். ஒருவர் துப்புத் தேடினார். மற்றவர் எழுதினார். செய்திக்கு மேல் செய்தி வந்தது. 1945 ஆகஸ்டில் கவர்னர் மன்னிப்பு அளித்தார். மாஜெக் வெளியே வந்தார்.

படத்தின் கதை

படத்தில் மாஜெக்கின் பெயர் பிராங்க் வீசெக். அந்த வேடத்தில் ரிச்சர்டு கான்டி நடித்திருக்கிறார். இரண்டு நிருபர்களையும் ஒன்றாக்கி, மக்னீல் என்ற ஒரே நிருபராகக் காட்டுகிறார்கள். அவர்தான் கதாநாயகன். நடித்திருப்பவர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட். டைரக்ட் செய்தவர் ஹென்றி ஹாத்தவே.

விளம்பரத்தைப் பார்த்த பத்திரிகை ஆசிரியர், "போய் விசாரித்து வா" என்று மக்னீலை அனுப்புகிறார். மக்னீலுக்கு அதில் விருப்பம் இல்லை. "எந்தத் தாய்தான் தன் பிள்ளையைக் குற்றவாளி என்று சொல்வாள்?" என்பது அவருடைய எண்ணம். இரண்டு பத்தி எழுதிவிட்டு விட்டுவிடலாம் என்று பார்க்கிறார். ஆனால் ஆசிரியர் விடவில்லை.

மக்னீல் ஜெயிலுக்குப் போகிறார். பிராங்கைப் பார்க்கிறார். "மகனுக்குக் கெட்ட பெயர் வரக்கூடாது. என்னை விவாகரத்து செய்துவிடு" என்று பிராங்கே மனைவியிடம் சொன்ன கதையைக் கேட்கிறார். அவள் இப்போது வேறு ஒருவருக்கு மனைவி. மக்னீல் அவளையும் போய்ப் பார்த்து, பத்திரிகையில் எழுதிவிடுகிறார். பிராங்குக்குக் கோபம் வருகிறது. "என்னைப் பற்றி இனி எழுத வேண்டாம். என் மகனை நிம்மதியாக வாழ விடுங்கள். அதற்காக நான் இங்கேயே கிடக்கிறேன்" என்கிறான்.

அங்கேதான் நிருபரின் மனம் மாறுகிறது. விடுதலையைவிட மகனின் மானம் பெரிது என்று நினைக்கிறவன் பொய்யனாக இருப்பானா? சந்தேகத்தோடு வந்தவர் உண்மையைத் தேடிப் புறப்படுகிறார்.

நிறைகள்

முதல் நிறை, கதாநாயகனின் மன மாற்றம். அவர் முதல் காட்சியிலேயே தர்ம வீரராக வரவில்லை. நம்மைப் போலவே சந்தேகப்படுகிறார். ஒவ்வொரு படியாக நம்புகிறார். அவரோடு சேர்ந்து நாமும் நம்புகிறோம். ஸ்டூவர்ட் உரக்கப் பேசி நடிக்கவில்லை. பேனாவும் தொப்பியுமாக அலைந்து திரியும் ஒரு சாதாரண நிருபராகவே தெரிகிறார்.

இரண்டாவது நிறை, இடங்கள். ஸ்டூடியோவுக்குள் செட் போட்டு எடுத்த படம் அல்ல. காமிராவைத் தூக்கிக்கொண்டு சிகாகோவுக்கே போயிருக்கிறார்கள். போலந்து மக்கள் வாழும் தெருக்களும், மரப் படிக்கட்டு வைத்த பழைய வீடுகளும், மதுக்கடைகளும் கண்முன் வருகின்றன. ஸ்டேட்வில் ஜெயிலையும் நேரில் படம் பிடித்திருக்கிறார்கள். அந்த ஜெயில் கட்டிடம் வட்டமானது. நடுவில் காவல் கோபுரம். சுற்றிலும் அடுக்கடுக்காக அறைகள். எந்த அறையில் இருந்தாலும் காவலரின் கண்ணில் பட வேண்டியதுதான். அதைப் பார்க்கும்போது, "99 ஆண்டு" என்பதன் பொருள் வசனம் இல்லாமலே புரிகிறது.

மூன்றாவது நிறை, அந்தத் தாய். வந்து போகும் காட்சிகள் சிலதான். நீண்ட நடைகூடத்தில் மண்டியிட்டு, வாளியும் பிரஷ்ஷுமாகத் தரையைத் தேய்க்கும் அந்த உருவம் மனதை விட்டு அகலாது. அவள் அழுது புலம்பவில்லை. இந்தப் பணமும் போதாது என்றால் இன்னும் உழைத்துச் சேர்ப்பேன் என்ற உறுதிதான் அவள் முகத்தில் இருக்கிறது.

நான்காவது நிறையும் உண்டு. துப்பறியும் படம் என்றால் கடைசியில் கொலையாளி பிடிபட வேண்டும் அல்லவா? இதில் பிடிபடவில்லை! கொலை செய்தது யார் என்பது படம் முடியும்போதும் தெரியாது. வேறு படமாக இருந்தால் ஒரு வில்லனைக் கொண்டுவந்து நிறுத்தி, துப்பாக்கிச் சண்டையும் வைத்திருப்பார்கள். இங்கே அந்த வேலை செய்யவில்லை. நிரபராதியை மீட்பது ஒரு வேலை, குற்றவாளியைப் பிடிப்பது வேறு வேலை என்பதை நேர்மையாகக் காட்டுகிறார்கள்.

குறைகள்

இனி குறைகளுக்கு வருவோம்.

பிராங்குக்கு "பொய் கண்டுபிடிக்கும் கருவி" வைத்துச் சோதனை செய்கிறார்கள். நாடித் துடிப்பு, மூச்சு, ரத்த அழுத்தம் ஆகியவற்றைக் கோடு கோடாக வரைந்து காட்டும் கருவி அது. அந்தத் துறையில் பெயர் பெற்ற லெனார்டு கீலர், படத்தில் தாமே வந்து நடித்திருக்கிறார். கோடுகள் ஓடுகின்றன. "இவன் பொய் சொல்லவில்லை" என்று முடிவாகிறது.

காட்சி விறுவிறுப்பாக இருக்கிறது. ஆனால் கருவியை அவ்வளவு நம்பலாமா? பயந்தவனுக்கும் நெஞ்சு அடிக்கும். துணிந்த பொய்யனுக்கு அடிக்காமலும் போகும். அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகம் 2003-ல் இதை ஆராய்ந்து, இந்தச் சோதனைக்கு உள்ள அறிவியல் ஆதாரம் பலவீனமானது என்று கூறியது. படமோ அதை விஞ்ஞானத்தின் வாக்காகவே காட்டிவிடுகிறது. அதே கருவி ஒரு நிரபராதியைப் "பொய்யன்" என்றும் சொல்லிவிடலாம் அல்லவா?

அடுத்தது, கடைசிக் கட்டம்.

சாட்சி சொன்ன கடைக்காரி, தன் வார்த்தையை மாற்ற மறுக்கிறாள். மன்னிப்புக் குழுவின் முன் காட்ட வேறு ஆதாரம் இல்லை. அப்போது மக்னீலின் நினைவுக்கு ஒரு பழைய போட்டோ வருகிறது. கடைக்காரியும் பிராங்கும் போலீஸ் நிலையத்துக்குள் போகும்போது எடுத்தது. பின்னால் ஒரு பையன் பேப்பர் விற்கிறான். அந்தப் பேப்பரில் உள்ள தேதியைத் தெரிந்துகொண்டால் போதும். போட்டோவைப் பெரிதாக்குகிறார்கள். இன்னும் பெரிதாக்குகிறார்கள். டிசம்பர் 22 என்று தெரிகிறது! பிராங்கை அடையாளம் காட்டும் முன்பு தான் பார்த்ததே இல்லை என்று அவள் சொன்னது பொய். முதல் நாளே பார்த்திருக்கிறாள்.

தியேட்டரில் இந்த இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருப்பார்கள். சந்தேகம் இல்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். போட்டோவில் பதியாத எழுத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் படிக்க முடியாது. தூரத்தில் உள்ள பேப்பரின் பொடி எழுத்து பெரிதாக்கப் பெரிதாக்கப் புள்ளிகளாகிவிடும். தெரிந்ததாகவே வைத்துக்கொண்டாலும், சாட்சி ஒரு விஷயத்தில் பொய் சொன்னாள் என்றுதான் ஆகும். பிராங்க் சுடவில்லை என்று அதுவே நிரூபித்துவிடாது.

அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. இந்தப் போட்டோ விவகாரம் படத்துக்காகச் சேர்த்தது. உண்மை வழக்கில் கிடைத்தது போலீசாரின் சொந்தப் பதிவு! மாஜெக் கைதானது டிசம்பர் 22-ந் தேதி. கைதானதாகப் புத்தகத்தில் எழுதியது 23-ந் தேதி. இடையில் ஒரு நாள் காணவில்லை. அந்த நாளில் கடைக்காரி அவரை முதலில் அடையாளம் காட்டவில்லை என்பதும், மதுவிலக்குக் குற்றத்துக்காகத் தன் மேல் வழக்கு வருமோ என்ற பயம் அவளுக்கு இருந்தது என்பதும் பின்னால் பேசப்பட்டன.

கைதுப் புத்தகத்தைப் படத்திலும் காட்டுகிறார்கள். மக்னீல் அதை ரகசியமாகப் போட்டோ எடுக்கும் காட்சி இருக்கிறது. ஆனால் வெற்றி மாலையைப் பெரிதாக்கிய போட்டோவுக்குப் போட்டுவிட்டார்கள். உண்மை எங்கோ மறைந்து கிடக்கவில்லை. அது போலீஸ் நிலையப் புத்தகத்திலேயே 11 ஆண்டுகளுக்கு மேல் கிடந்தது. திறந்து பார்ப்பார்தான் இல்லை. இந்தக் கசப்பான பாடத்தைக் கடைசி நேரப் பரபரப்பு அடித்துக்கொண்டு போய்விடுகிறது.

கண்ணால் கண்ட சாட்சி தவறுவது அந்த ஒரு வழக்கோடு முடிந்துபோனதும் அல்ல. 1989 முதல் அமெரிக்காவில் மரபணுச் சோதனையால் பல நிரபராதிகள் விடுதலை ஆகியிருக்கிறார்கள். அந்த வழக்குகளில் பாதிக்கும் மேலானவற்றில், ஆள் மாற்றி அடையாளம் காட்டியதே தண்டனைக்கு ஒரு காரணம்.

இன்னொருவன் என்ன ஆனான்?

படத்தின் பெரிய குறை இனிமேல்தான் வருகிறது.

தண்டனை பெற்றவர்கள் இரண்டு பேர் என்று சொன்னோம். படத்திலும் இரண்டாவது ஆள் உண்டு. டோமெக் என்று பெயர். மக்னீல் அவனை ஜெயிலில் சந்திக்கிறார். "உண்மையான கூட்டாளி யார் என்று சொல்லிவிட்டால் உனக்கும் வழி பிறக்கும்" என்கிறார். "நானும் நிரபராதிதான். யாரைச் சொல்வேன்?" என்கிறான் அவன்.

அந்த ஒரே சாட்சியால்தான் அவனும் உள்ளே போனான். அவள் வார்த்தை பொய்த்துவிட்டால் அவனும் வெளியே வர வேண்டாமா? ஆனால் முடிவில் பிராங்க் மட்டும் வெளியே வருகிறான். மகன் காத்திருக்கிறான். தன் தவறை ஒப்புக்கொள்வது அரசுக்குப் பெருமை, இப்படிச் செய்யும் அரசுகள் உலகில் அதிகம் இல்லை என்ற கருத்தில் மக்னீல் பேசுகிறார். படம் முடிகிறது. டோமெக் பற்றிப் பேச்சே இல்லை.

நிஜத்திலும் அப்படித்தான் நடந்தது. படம் வெளிவந்த 1948-ல், தியேட்டரில் மக்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போன நேரத்தில், தியோடர் மார்சின்கீவிச் ஜெயிலில்தான் இருந்தார்! 1950-ல்தான் கோர்ட்டு மூலம் அவருக்கு விடுதலை கிடைத்தது.

ஒரே வழக்கு. ஒரே சாட்சி. ஒரே தண்டனை. ஒருவருக்காகத் தாய் விளம்பரம் கொடுத்தாள். பத்திரிகை எழுதியது. அவர் 1945-ல் வெளியே வந்தார். விளம்பரத்தில் இடம்பெறாதவர் மேலும் ஐந்து ஆண்டுகள் உள்ளே கிடந்தார்.

அரசு தானாக முன்வந்து தவறை ஒப்புக்கொள்ளவில்லை. தரை துடைத்த ஒரு கிழவியும் விடாப்பிடியான ஒரு பத்திரிகையும் சேர்ந்து ஒப்புக்கொள்ள வைத்தார்கள். இதைப் படம் அழுத்திச் சொல்லியிருந்தால் இன்னும் உயர்ந்திருக்கும்.

பார்க்கலாமா?

பார்க்கலாம். குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கக்கூடிய படம். ஆபாசம் இல்லை. ரத்த வெள்ளம் இல்லை. முதல் அரைமணி நேரம் மெதுவாக நகரும். அடிதடியை எதிர்பார்ப்பவர்களுக்குப் பொறுமை வேண்டும். ஜெயில் காட்சி வந்ததும் கதை இழுத்துக்கொண்டு போய்விடும்.

பார்க்கும்போது இரண்டு பேரை மறக்க வேண்டாம். ஒருத்தி, வாளியும் பிரஷ்ஷுமாக மண்டியிட்டிருக்கும் தாய். இன்னொருவன், படம் முடிந்த பிறகும் ஜெயிலுக்குள்ளேயே இருக்கும் டோமெக். பிள்ளைகளோடு பார்ப்பவர்கள், படம் முடிந்ததும் "டோமெக் என்ன ஆனான்?" என்று அவர்களிடம் கேளுங்கள்.