பூங்காவில் பட்டுப்போன கிளை தெரிந்தால்…

சென்னையில் ஞாயிறு மாலை மாநகராட்சிப் பூங்காவில் பாய் விரிக்க இடம் பிடிப்பதே பெரும்பாடு. தாத்தா பாட்டி முதல் கைக்குழந்தை வரை எல்லோரும் காசு செலவில்லாமல் ஒன்றாக உட்கார்ந்து கட்டுச்சோறு பிரிக்க நகரத்தில் மிஞ்சியிருக்கும் இடம் அதுதான். அங்கே நம்மைக் காக்க வேண்டிய கடமை பூங்காவைப் பராமரிப்பவருக்கு உண்டு.

மரத்தடியில் உட்காரும் முன் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். இலையில்லாமல், பட்டை உரிந்து நிற்கும் கிளை எந்தக் காற்றுக்கும் முறியலாம். ஊஞ்சலில் பிள்ளையை ஏற்றும் முன் சங்கிலியின் மேல்வளையத்தைப் பாருங்கள். தேய்மானம் அங்கேதான் அதிகம். விளக்குக் கம்பத்தில் மூடியில்லாமல் ஒயர் வெளியே தெரிந்தால், எந்த நாளிலும், அதிலும் மழை பெய்து ஈரமாக இருக்கும்போது, பிள்ளைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

இதையெல்லாம் பார்த்ததும் நம்மில் பலர் பாயைச் சுருட்டிக்கொண்டு வேறிடம் போய்விடுகிறோம். அடுத்து வரும் குடும்பம் அதே இடத்தில் உட்காரும். அதனால் புகார் செய்தே ஆக வேண்டும் என்கிறேன். சட்டக் காரணமும் இருக்கிறது.

ராஜ்கோட்டில் வேலைக்கு நடந்து போனவர்மீது சாலையோர மரம் விழுந்து அவர் இறந்தார். குடும்பத்துக்கு இழப்பீடு தரச் சொன்ன தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 1997-இல் ரத்து செய்தது. டெல்லியில் ஸ்கூட்டரில் போனவர் தலையில் கிளை விழுந்து இறந்த வழக்கிலோ, 1999-இல் அதே நீதிமன்றம் மாநகராட்சிதான் பொறுப்பு என்றது. அந்த மரம் பட்டுப்போய் நின்றது. கவனித்திருந்தால் ஆபத்து முன்பே தெரிந்திருக்கும். ஆபத்து கண்ணுக்குத் தெரிந்ததா, நிர்வாகம் அதை அறிந்திருக்க வேண்டுமா என்பதில்தான் இப்படிப்பட்ட வழக்குகள் நிற்கின்றன. நீங்கள் முன்கூட்டியே பதிந்த புகார் இருந்தால், ‘எங்களுக்குத் தெரியாது’ என்று பிறகு சொல்வது கடினம்.

காவலாளியிடம் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு வந்தால் போதாது. சென்னை மாநகராட்சியின் 1913 எண்ணில் பதிந்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பூங்காவின் பெயர்ப்பலகையும் பழுதும் தெரியப் படம் எடுத்து வையுங்கள். வேலை நடக்காமலே புகார் முடித்து வைக்கப்பட்டால், பழைய எண்ணைச் சொல்லி மறுபடி பதியுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று 10 ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

நாய்க்கடி தனிக் கவலை. 2024 மே மாதம் ஆயிரம்விளக்கில் மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறின. வளர்ப்பு நாயை அலட்சியமாக விட்டு ஆபத்து விளைவித்தால் பாரதிய நியாய சன்ஹிதா 291-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை உண்டு. கடித்தது எந்த நாயானாலும், காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சளோ சுண்ணாம்போ வைக்காதீர்கள். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி அரசு மருத்துவமனையில் இலவசம். காயம் ஆழமென்றால் இம்யூனோகுளோபுலின் மருந்தும் வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஊசித் தவணையில் ஒன்றைக்கூடத் தவறவிடாதீர்கள்.

ஊஞ்சல் அறுந்தோ கிளை விழுந்தோ அடிபட்டால் முதலில் 108. வீண் வம்பு எதற்கு என்று ‘வீட்டில் விழுந்துவிட்டான்’ எனச் சொல்லும் பெற்றோர் உண்டு. மருத்துவமனைப் பதிவேட்டில் அப்படி ஏறிவிட்டால் பிறகு இழப்பீடு கேட்பது மிகவும் சிரமம். நடந்த இடத்தை உள்ளபடியே சொல்லிப் பதியச் செய்யுங்கள். அறுந்த சங்கிலியை அப்புறப்படுத்தும் முன் கூட வந்தவர் படமெடுக்கட்டும். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். வக்கீலுக்குப் பணமில்லை என்று பின்வாங்க வேண்டாம்: பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவானாலும் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவச வழக்கறிஞரைத் தரும். அதற்கான எண் 15100.