பங்கேற்பு உற்றுநோக்கல்

பங்கேற்பு உற்றுநோக்கல் என்பது உளவியல், சமூகவியல், மானிடவியல் ஆகிய துறைகளில் பயன்படும் பண்புசார் ஆய்வு முறைகளுள் ஒன்றாகும். ஆய்வாளர் தாம் ஆராயும் மக்களோடு சேர்ந்து இருந்து, அவர்களின் நடத்தையை இயல்பான சூழலிலேயே கவனித்துப் பதிவு செய்கிறார். வினாநிரலில் மக்கள் தாம் செய்வதாகச் சொல்வது கிடைக்கும். உற்றுநோக்கலில் அவர்கள் செய்வதே தெரியும். இம்முறையில் ஆய்வாளரே அளவுகருவி. ஆகவே அவருடைய பதிவின் நேர்மையைப் பொறுத்தே முடிவின் நம்பகத்தன்மை அமைகிறது.

ஆய்வாளரின் நிலைகள்

சமூகவியலாளர் ரேமண்ட் கோல்டு 1958ஆம் ஆண்டு இந்நிலைகளை நான்காக வகுத்தார்.

1. முழுப் பங்கேற்பாளர்: அடையாளத்தை மறைத்துக் குழுவில் ஒருவராகவே இருப்பவர்.
2. உற்றுநோக்கும் பங்கேற்பாளர்: ஆய்வாளர் என்று அறிவித்துவிட்டுக் குழுவின் செயல்களில் கலந்துகொள்பவர்.
3. பங்கேற்கும் உற்றுநோக்குநர்: கவனிப்பதையே முதன்மையாகக் கொண்டு, சிறிதளவே கலந்துகொள்பவர்.
4. முழு உற்றுநோக்குநர்: எதிலும் கலவாமல் விலகி நின்று கவனிப்பவர்.

களக்குறிப்பு

கண்டதையும் கருதியதையும் தனித்தனியே எழுதுவது முதல் விதி. "மாணவன் சலிப்படைந்தான்" என்பது ஊகம். "மாணவன் பத்து நிமிடத்தில் நான்கு முறை சன்னல் பக்கம் பார்த்தான்" என்பது உற்றுநோக்கல். குறிப்பை அன்றன்றே எழுதிவிட வேண்டும். நாள் கடந்தால், மறந்துபோன இடங்களை மனம் தானாகவே இட்டு நிரப்பிவிடும்.

ரோசன்ஹான் ஆய்வு

முழுப் பங்கேற்புக்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு, அமெரிக்க உளவியலாளர் டேவிட் ரோசன்ஹான் 1973ஆம் ஆண்டு 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு. அதன்படி, மனநலம் உடைய 8 பேர், காதில் குரல்கள் கேட்பதாகச் சொல்லி 12 மனநல மருத்துவமனைகளில் சேர்ந்தனர். சேர்ந்த பின் இயல்பாகவே நடந்துகொண்டனர். ஒரு சேர்க்கை தவிர மற்றவற்றில் மனச்சிதைவு நோய் என்றே முடிவு செய்யப்பட்டது. 7 முதல் 52 நாட்கள் வரை அவர்கள் உள்ளே இருந்தனர். சராசரி 19 நாட்கள். அவர்கள் வெளிப்படையாகக் குறிப்பெழுதியதுகூட நோயின் அறிகுறியாகக் கருதப்பட்டது. உடனிருந்த நோயாளிகள் பலரோ அவர்களை ஐயுற்றனர்.

மனநல மருத்துவத்தில் நோயறியும் முறை பற்றிப் பெரும் விவாதத்தை இக்கட்டுரை எழுப்பியது. ஆனால் 2019ஆம் ஆண்டு சூசன்னா கஹாலன் என்ற இதழாளர் எழுதிய நூல் இவ்வாய்வையே கேள்விக்கு உள்ளாக்கியது. மருத்துவமனைப் பதிவேட்டின்படி, கட்டுரையில் எழுதியதைவிடக் கடுமையான அறிகுறிகளை, தற்கொலை எண்ணம் உட்பட, ரோசன்ஹான் மருத்துவரிடம் கூறியிருந்தார். மருத்துவமனையில் நல்ல அனுபவம் பெற்ற ஒன்பதாம் நபரின் தரவு கணக்கில் சேர்க்கப்படவில்லை. பங்கேற்றோரில் பெரும்பாலோரை அடையாளம் காணவும் இயலவில்லை.

வரம்புகளும் பாதுகாப்புகளும்

தம்மை ஒருவர் கவனிக்கிறார் என்று அறிந்தால் மக்களின் நடத்தை மாறக்கூடும். அதைத் தவிர்க்க அடையாளத்தை மறைத்தாலோ, அவர்களின் ஒப்புதல் இல்லாமலே ஆய்வு நடந்துவிடும். எனவே மறைமுக ஆய்வை வேறு வழியில்லாதபோது மட்டுமே, நெறிமுறைக் குழுவின் அனுமதியுடன் மேற்கொள்ள வேண்டும்.

ஆய்வாளரின் சார்பைக் குறைக்கச் சில வழிகள் உள்ளன. ஒரே நிகழ்வை இருவர் தனித்தனியே பதிவு செய்து ஒப்பிடலாம். நேர்காணல், ஆவணங்கள் ஆகியவற்றோடு சரிபார்க்கலாம். மூலக் குறிப்புகளைப் பிறர் ஆராயும் வகையில் பாதுகாக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, தம் கருத்துக்கு மாறானதைக் கண்டாலும் அதை விடாமல் எழுத வேண்டும்.