சூடானால் முரண்டு பிடிக்கும் அம்பாசிடர்

காலையில் முதல் தடவையிலேயே கிளம்பும் பழைய அம்பாசிடர், வழியில் பதினைந்து நிமிடம் நிறுத்திவிட்டு வந்தால் மட்டும் கிளம்ப மறுக்கும். உத்தரபாராவில் 2014 மே மாதம் உற்பத்தி நின்ற பிறகும், இந்த வண்டியை விற்க மனமில்லாத அன்பர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். உப்பல் வெயிலில் இந்தக் கோளாறு வந்தால் பேட்டரி, காயில், கார்புரேட்டர் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பணத்தைக் கரைக்கிறோம்.

இந்த நோயைச் சூட்டிலேயே பிடிக்க வேண்டும். மெக்கானிக் வருவதற்குள் எஞ்சின் ஆறிவிடும். அவர் சாவியைத் திருப்பினால் நல்ல பிள்ளையாகக் கிளம்பும். ரயில்வேயில் அச்சுப்பெட்டி சூடாகிறதா என்பதை வண்டி வந்து நின்றவுடன் பார்ப்போம். மறுநாள் தொட்டுப் பார்த்து என்ன பயன்?

ஓடும்போது விசிறிக் காற்றும் தண்ணீர் ஓட்டமும் சூட்டை வெளியேற்றுகின்றன. நிறுத்தியதும் இரண்டும் நின்றுவிடுவதால், பானட்டுக்குள் சூடு சிறிது நேரம் ஏறிக்கொண்டே போகும். பழைய 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினில் கார்புரேட்டரும் புகை போகும் மேனிஃபோல்டும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. அடுப்புக்கு மேலே பெட்ரோல் கிண்ணத்தை வைத்தது போலத்தான்!

வண்டி மறுத்தவுடன் முதலில் செல்ஃப் சத்தத்தைக் கேளுங்கள். மெதுவாக, திணறிச் சுற்றினால் பேட்டரி முனைகள், எர்த் கேபிள், செல்ஃப் மோட்டார் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். டைமிங் அதிகமாக முன்னால் வைக்கப்பட்டிருந்தாலும் இப்படித் திணறும்.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் கிளம்பவில்லையா? அப்போது பானட்டைத் திறந்து மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை பலமாக இருந்தால், கிண்ணத்தில் கொதித்த பெட்ரோல் வழிந்து மேனிஃபோல்டில் இறங்கியிருக்கிறது. இந்த நேரத்தில் தீப்பொறிச் சோதனை வேண்டவே வேண்டாம். வாடை போகும்வரை பானட் திறந்தே இருக்கட்டும். பிறகு சோக்கை இழுக்காமல், ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்தியபடி வைத்து செல்ஃப் போடுங்கள். விட்டு விட்டு மிதிக்கக் கூடாது.

வாடையே இல்லையென்றால் ஒரு உபரி பிளக்கை வயரில் மாட்டி, அதன் உடல் எஞ்சின் இரும்பில் படும்படி, கார்புரேட்டருக்குத் தள்ளி வைத்து, ஒருவரை செல்ஃப் போடச் சொல்லுங்கள். வயரைக் கையால் பிடிக்க வேண்டாம். நீலப் பொறி பளிச்சென்று வந்தால் மின்சாரம் சரி. மஞ்சளாக, நோஞ்சானாக வந்தால் காயிலையோ கண்டன்ஸரையோ சந்தேகிக்கலாம். ஆறியிருக்கும்போது ஒழுங்காக வேலை செய்து, சூட்டில் கைவிடுவது இவற்றின் குணம். நல்லது என்று தெரிந்த ஒன்றை இரவல் வாங்கி மாற்றிப் பார்த்த பிறகே புதியது வாங்குங்கள்.

பொறியும் நன்றாக இருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. மெக்கானிக்குகள் ஏர் லாக் என்பார்கள்; உண்மையில் குழாயை அடைப்பது பெட்ரோல் ஆவி. பெட்ரோல் பம்ப் மீதும் குழாய் மீதும் ஈரத்துணியைச் சுற்றி ஐந்து நிமிடம் பொறுங்கள். கிளம்பிவிட்டால் நோய் அதுவே. சூடான மேனிஃபோல்டில் மட்டும் தண்ணீர் படக் கூடாது, விரிசல் விடும்.

இப்போது பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. பழைய காலத்து ரப்பர் ஹோஸும் பம்ப் டயாஃப்ரமும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல, ஊறிப்போய்க் கசியலாம். சூடான எஞ்சின் மேல் கசிவு என்றால் தீ விபத்துதான். எத்தனாலைத் தாங்கும் ஹோஸ் வாங்கி மாற்றிவிடுங்கள். கார்புரேட்டருக்கு அடியில் சூடு தடுக்கும் தடித்த பேக்கிங் இருக்கிறதா என்றும் பாருங்கள். கழற்றி மாட்டும்போது அதை விட்டுவிடுவோர் உண்டு.