‘பழைய மாதிரி ஆகிடுவாரா?’ - தலைக்காயத்துக்குப் பிறகு வீட்டில் தொடங்கும் வைத்தியம்

ஒட்டன்சத்திரம் சந்தை ஊர். கேரளாவுக்குக் காய்கறி ஏற்றிப் போகும் லாரிகள், கிராமங்களில் இருந்து மூட்டையோடு வரும் மினி வேன்கள், நடுவே புகுந்து போகும் பைக்குகள். தைப்பூசம் வந்தால் பழநிக்கு நடந்து போகும் பக்தர்களும் அதே ரோட்டில்தான். இங்கே ஒருவர் பைக்கில் இருந்து விழுந்து தலையில் அடிபட்டால், முதல் சில மணி நேரம் என்ன செய்ய வேண்டும் என்பது இப்போது பலருக்கும் தெரியும். 108-க்கு போன் போகும். ஸ்கேன் வசதி உள்ள மருத்துவமனை, தேவைப்பட்டால் மதுரை அல்லது கோவை.

பணத்துக்கும் ஓரளவு வழி இருக்கிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்கும் யாருக்கும், எந்த மாநிலத்தவராக இருந்தாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம்.

சிக்கல் 49-வது மணி நேரத்தில் இல்லை. டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்த மூன்றாவது வாரத்தில் இருக்கிறது.

‘இவர் இப்படி இல்லையே!’

தையல் ஆறியிருக்கும், நடக்கவும் செய்வார். பார்க்க வருகிறவர்கள் “நல்லாத்தானே இருக்காரு” என்பார்கள். ஆனால், டீ கொஞ்சம் ஆறிப்போனதற்கு டம்ளரை வீசுவார். காலையில் கேட்ட அதே கேள்வியை மதியத்துக்குள் பத்து முறை கேட்பார். குளிக்கச் சொல்லாவிட்டால் சாயங்காலம் வரை கட்டிலிலேயே உட்கார்ந்திருப்பார்.

குடும்பம் இதைத் திமிர் என்றோ சோம்பேறித்தனம் என்றோ எடுத்துக்கொள்கிறது. உண்மையில் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளையின் முன்பகுதிதான் கோபத்துக்கு பிரேக் போடுகிறது. ஒரு வேலையை ஆரம்பிக்கும் உந்துதலும் அங்கிருந்தே வருகிறது. விபத்துகளில் அதிகம் அடிபடும் இடங்களில் அதுவும் ஒன்று. பிரேக் போன வண்டியோடு சண்டை போட்டு என்ன பயன்? அந்த நேரத்தில் வாக்குவாதம் வேண்டாம். குரலைத் தாழ்த்தி, பேச்சை மாற்றி, டிவியை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் தனியே விடுவதுதான் பெரும்பாலும் வேலை செய்யும்.

இதில் சொல்லத் தெரியாத ஒரு துக்கமும் உண்டு. ஆள் எதிரே இருக்கிறார், ஆனால் கல்யாணம் செய்த அந்த ஆள் இல்லை. அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ் இதை ‘தெளிவற்ற இழப்பு’ என்று குறிப்பிடுகிறார். அழுதால் “உயிரோடதானே இருக்காரு, அதுக்கு சந்தோஷப்படு” என்பார்கள். அந்த ஆறுதல் மனைவிக்கோ அம்மாவுக்கோ உதவுவதில்லை.

பத்து வருடம் காத்திருந்த குடும்பம்

மலையாள நடிகர் ஜகதி ஸ்ரீகுமாரை நினைவிருக்கிறதா? ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களில் நடித்தவர். 2012 மார்ச் 10 அன்று கோழிக்கோடு அருகே தேஞ்ஞிப்பாலத்தில் நடந்த கார் விபத்தில் தலையில் பலத்த காயம். கோழிக்கோட்டில் அறுவை சிகிச்சைகள் முடிந்து, வேலூர் சிஎம்சி-யில் நீண்ட மறுவாழ்வு சிகிச்சை பெற்றார். உடல் இயக்கத்தோடு பேச்சும் பாதிக்கப்பட்டது.

அதன் பிறகு எல்லாம் குடும்பத்தின் கையில். 2019-ல் குடும்பத்தினரே முன்நின்று அவரை ஒரு விளம்பரப் படத்தில் நடிக்க வைத்தார்கள். 2022-ல் மம்மூட்டியின் ‘சிபிஐ 5’ படத்தில், தனது பழைய விக்ரம் கதாபாத்திரமாகவே சக்கர நாற்காலியில் வந்தார். பேச்சு திரும்பியிருக்கவில்லை. ஆனால், திரையரங்கில் கைதட்டல் எழுந்தது. ‘பழைய மாதிரி’ ஆவது வேறு, மறுபடி ஓர் இடம் கிடைப்பது வேறு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

அவரைக் கவனித்த வேலூர் சிஎம்சி-யின் மறுவாழ்வுப் பிரிவுக்கும் ஒரு கதை உண்டு. அதைத் தொடங்கிய டாக்டர் மேரி வர்கீஸ், 1954-ல் சாலை விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவை சிகிச்சைகள் செய்தார்.

வீட்டில் என்ன செய்யலாம்?

முதலில் விழுங்கும் திறன். பாசத்தில் தண்ணீரையோ கஞ்சியையோ அவசரமாக ஊட்டினால், அது நுரையீரலுக்குள் போய் நிமோனியா ஆகலாம். டாக்டரோ பேச்சுப் பயிற்சி நிபுணரோ சோதித்துச் சொன்ன பிறகே வாய்வழி உணவு. வலிப்பு மாத்திரையை “ஒரு மாசமா வரலையே” என்று தாமாக நிறுத்தவே கூடாது.

சுவரில் பெரிய காலண்டர், தினமும் அதே நேரத்தில் அதே வேலை, ஒரு நேரத்தில் ஒரே கேள்வி. பதில் வர அரை நிமிடம் ஆனாலும் நாம் முந்திக்கொண்டு சொல்லாமல் இருப்பது முக்கியம். கும்பலாக வரும் சொந்தக்காரர்களை இரண்டிரண்டு பேராக, கால் மணி நேரத்துக்கு மட்டும் அனுமதியுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். அடிபட்ட மூளை சீக்கிரம் களைத்துவிடும். அந்தத் தூக்கமும் சிகிச்சைதான்.

பெரும்பாலான வீடுகளில் இத்தனையும் ஒரே பெண்ணின் தலையில் விழுகிறது. வாரத்தில் ஓர் அரை நாளாவது அண்ணனோ நாத்தனாரோ மாற்றிவிட வேண்டும். ‘ஏதாவது வேணும்னா சொல்லு’ என்பதைவிட, ‘ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் பார்த்துக்கறேன்’ என்பது உதவி.

பிசியோதெரபிக்கு தினமும் பஸ் ஏற முடியாதவர்கள், அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் பற்றிக் கேட்கலாம். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய இதில், வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருவதும் அடக்கம். டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன், பில்கள், எஃப்ஐஆர் நகல் எல்லாவற்றையும் ஒரே கவரில் வையுங்கள். விபத்து இழப்பீட்டு மனுவுக்கு, மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம் 6 மாத வரம்பு வைத்திருக்கிறது. ‘அவர் எழுந்து உட்காரட்டும், பிறகு பார்க்கலாம்’ என்று தள்ளிப்போட வேண்டாம்.